லாராவா, ஹாட்டியா? புல்வெளிக் குடியேற்றக் கதைகளில் எதை வாங்கலாம்

அக்கா மகளுக்கு 13 வயது. அமெரிக்கப் புல்வெளியில் நிலம் தேடிப் போனவர்களைப் பற்றி ஒரு நாவல் வேண்டும் என்று கேட்டாள். கடைசியில் இரண்டு புத்தகங்கள் போட்டியில் நின்றன: லாரா இங்கால்ஸ் வைல்டரின் 'தி லாங் விண்டர்' (1940), கிர்பி லார்சனின் 'ஹாட்டி பிக் ஸ்கை' (2006). நான் வாங்கிக் கொடுத்தது ஹாட்டியை.

இரண்டிலும் துணிச்சலான பெண் பிள்ளை, கடுங்குளிர், எளிய ஆங்கிலம். இரண்டுமே அமெரிக்கச் சிறார் இலக்கிய விருதான நியூபெரியின் 'ஹானர்' சிறப்பிடம் பெற்றவை. ஆகவே அந்த வகையில் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை.

பசியை எழுதுவதில் லாராவை மிஞ்ச ஆளில்லை. 1880-81 குளிர்காலத்தில் டகோட்டாவின் டி ஸ்மெட் ஊருக்குப் பனியால் ரயில் வருவது நின்றுபோகிறது. நிலக்கரி தீர்ந்ததும் காய்ந்த புல்லைக் கை வலிக்க முறுக்கி முறுக்கி அடுப்பில் போடுகிறார்கள். விதைக் கோதுமையைக் காப்பிக்கொட்டை அரைக்கும் சின்ன மில்லில், வீட்டில் ஆள் மாற்றி ஆள் நாள் முழுக்க அரைக்கிறார்கள். ஆனால் குடும்பம் குளிருக்குப் பயந்து ஊருக்குள் வந்துவிடுவதால் நிலம் பின்னால் போய்விடுகிறது. நிலம் பதியும் காட்சி இந்தத் தொடரின் முந்தைய பாகத்தில் இருக்கிறது.

எனக்கு முடிவெடுக்க வைத்தது இந்த நில விஷயம்தான். இலவச நிலம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். குடியேறுவோருக்கு அரசு நிலம் தரும் 1862 சட்டப்படி 160 ஏக்கர் கிடைக்கும், ஆனால் 5 வருடம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, உழுது காட்டினால்தான் பட்டா. 1909-இல் வறண்ட பகுதிகளுக்கு 320 ஏக்கர் ஆக்கினார்கள், 1912-இல் கெடுவை 3 வருடமாகக் குறைத்தார்கள். ஹாட்டியின் கதை இந்தச் சட்டத்தின் மேல்தான் ஓடுகிறது. பெற்றோர் இல்லாத 16 வயதுப் பெண். மொன்டானாவில் மாமா விட்டுப்போன 320 ஏக்கர். கெடு முடிய ஒரு வருடம்கூட இல்லை. அதற்குள் 40 ஏக்கர் உழ வேண்டும், 480 ராடு வேலி போட வேண்டும். ஒரு ராடு பதினாறரை அடி, ஆக 7,920 அடி. "மாமா, ஒரு நாளைக்கு எத்தனை அடி?" என்று பென்சிலும் கையுமாக வந்து நின்றாள் எங்கள் வீட்டுப் பிள்ளை. மண் உறைந்து கிடக்கிற மாதங்களைக் கழித்துவிட்டுப் போடு என்றேன். அப்புறம் விதைக்குக் காசு, சாமானுக்குக் காசு, போதாததற்கு 1918, முதல் உலகப் போர்க் காலம், போருக்கு அரசு கடன் திரட்டும் பத்திரம் வாங்கச் சொல்லி நெருக்கடி. செலவைச் சமாளிக்க ஹாட்டி தன் பழைய ஊர்ப் பத்திரிகைக்கு எழுதிச் சம்பாதிக்கிறாள். பக்கத்து நிலத்துக்காரர் ஜெர்மானியர் என்பதால் அக்கம்பக்கம் அவர்மேல் காட்டும் வெறுப்பும் இந்தக் கணக்கோடு பின்னிக்கொண்டே வருகிறது. பட்டா கிடைத்ததா என்று சொல்ல மாட்டேன். வாசகரைச் சந்தோஷப்படுத்துவதற்காக ஆசிரியர் கணக்கை மாற்றி எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஒரு குறை இரண்டுக்கும் பொது. லாராவின் இன்னொரு நாவலில் அப்பா குடிசை போடும் கன்சாஸ் மண், ஓசேஜ் பூர்வகுடி மக்களுக்குச் சொந்தமாக இருந்தது. பூர்வகுடிகளைப் பற்றியும் கறுப்பின மக்களைப் பற்றியும் அவர் எழுதிய விதத்துக்காகத்தான் 2018-இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறார் பிரிவு தன் விருதிலிருந்து அவர் பெயரை எடுத்தது. ஹாட்டி ரயிலிறங்கும் உல்ஃப் பாயிண்ட் ஊரும் ஃபோர்ட் பெக் பழங்குடி ஒதுக்கீட்டுக்குள்தான் இருக்கிறது. அங்கே வாழும் அசினிபோயின், சூ மக்களுக்குக் கதையில் இடம் மிகக் குறைவு.

அதற்கு மாற்றாக லூயிஸ் எர்ட்ரிக்கின் 'தி பர்ச்பார்க் ஹவுஸ்' (1999) இருக்கிறது. 1847, சுப்பீரியர் ஏரித் தீவு, ஒஜிப்வே பூர்வகுடிச் சிறுமி. 9, 10 வயதுக்குச் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. தொடரில் முதல் பாகம் மட்டும்தான் படித்திருக்கிறேன், அடுத்தவை எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.