புது இங்கிலீஷ் டீச்சர்களுக்கு கோத்தகிரியில் ஐந்து நாள் பயிற்சி: காசுக்குத் தகுமா?

தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா என்று சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கக் கிளம்பும் பட்டதாரிகளுக்காக, கோத்தகிரியில் ஒரு தனியார் அமைப்பு கோடை விடுமுறையில் ஐந்து நாள் பயிற்சி நடத்துகிறது. காலையில் பாடம். மதியத்துக்கு மேல் அக்கம்பக்கத்து வாண்டுகள் இருபது பேரை உட்காரவைத்து நிஜ வகுப்பு. கட்டணம் ரூ.9,500, தங்குவதற்குத் தனி. வகுப்பறைப் பயிற்சிக்காகத் தாராளமாகப் போகலாம். சான்றிதழுக்காக என்றால் வேண்டாம்.

முதல் நாள் காலையிலேயே நல்ல வேலை செய்கிறார்கள். பயிற்சியாளர் உள்ளே வந்ததும் தமிழோ இங்கிலீஷோ பேசாமல், பூனைப் படத்தைக் காட்டி வியட்நாமிய மொழியில் ‘கொன் மெயோ’ என்கிறார். நாய், கோழி என்று நான்கு படம், பத்து நிமிடம். நான்காவது படத்துக்குள் முதல் படம் மறந்துபோகும். பக்கத்தில் இருப்பவர் டக்கென்று பதில் சொன்னால் எரிச்சல் வரும். ஆறு வயதுப் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து என்ன பாடுபடும் என்று புரியவைக்க இதைவிடக் குறுக்குவழி கிடையாது.

பதற்றத்தில் இருக்கும் புது ஆசிரியர் செய்யும் காரியம் அநேகமாக ஒன்றுதான்: வேகமாக, நிறையப் பேசுவது. அதற்கு இங்கே கொடுக்கும் மருந்து, சொல்லைக் குறைத்துக் கையைக் கூட்டுவது. ‘ஸ்டாண்ட் அப்’ என்றால் உள்ளங்கை மேல்நோக்கி எழும்ப வேண்டும், ‘சிட் டவுன்’ என்றால் கீழே இறங்க வேண்டும், ‘லிசன்’ என்றால் கை காதுக்குப் போக வேண்டும். ஐந்து நாளும் அதே சைகை, அதே சொல். ‘ப்ளீஸ்’, ‘ஓகே சில்ட்ரன், நவ் வாட் வீ ஆர் கோயிங் டு டூ’ எல்லாம் வெட்டு. கட்டளையைக் கேட்டு உடம்பால் பதில் சொல்ல வைக்கும் இந்த முறை, அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் வகுத்தது. பிள்ளை வாய் திறக்காமலே புரிந்ததைக் காட்டிவிடலாம் என்பதால் கூச்ச சுபாவக் குழந்தைகளுக்கும் ஒத்துவரும்.

புதுச் சொல் சொல்லித்தரும் வரிசையைத்தான் இந்தப் பயிற்சியின் சாரம் என்பேன். ஒரு வகுப்புக்கு ஆறு சொல், ஐந்து வயதுக்காரர்கள் என்றால் நான்கே. படத்தைக் காட்டி மூன்று முறை சொல்ல வேண்டும்: சாதாரணமாக, கிசுகிசுப்பாக, உரக்க. பிள்ளைகள் சேர்ந்து சொன்னதும் ‘வாட் இஸ் திஸ்?’ என்று பாய்ந்துவிடக் கூடாது. படங்களைச் சுவரில் ஒட்டி ‘டச் த டாக்’ என்று ஓடித் தொடச் சொல்ல வேண்டும். அடுத்து, பூனையைக் காட்டி ‘டாக்?’ என்று கேட்டால் ‘நோ!’ என்று கத்துவார்கள். பிறகு ‘கேட் ஆர் டாக்?’. கடைசியில்தான் ‘வாட் இஸ் இட்?’. நடுவில் ஒரு படி விட்டாலும் வகுப்பு மௌனமாகிவிடும். மௌனத்தைக் கண்டதும் ஆசிரியர் இன்னும் பேசுவார், கதை அங்கேயே கந்தல்.

நாற்பது நிமிட வகுப்புக்கு அவர்கள் தரும் அளவு இது: வணக்கப் பாட்டு 5, பழைய சொல் 5, புதுச் சொல் 8, விளையாட்டு 7, படம் வரையும் தாள் 10, விடைபெறும் பாட்டு 5. தாள் கொடுப்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். முதலில் தாளைக் கையில் கொடுத்துவிட்டு அப்புறம் விளக்கினால் யார் கேட்பார்கள்? கிரேயான் ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருக்கும். தாள் ஒன்றைப் போர்டில் ஒட்டி, ஒரு படத்தை ஆசிரியர் போட்டுக்காட்டி, இரண்டாவதை ஒரு பிள்ளையை விட்டுப் போடவைத்து, பிறகே தாள். எல்லோர் கைக்கும் தாள் போன பிறகே கிரேயான்.

உச்சரிப்பு வகுப்பு தமிழர்களுக்கென்றே தைத்த சட்டை. குண்டூசிக்கான ‘பின்’, குப்பைத்தொட்டிக்கான ‘பின்’ இரண்டையும் நாம் ஒரே எழுத்தில் எழுதிப் பழகியவர்கள். உதட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் மெல்லிய தாள்துண்டைப் பிடிக்கச் சொல்கிறார்கள். குண்டூசியைச் சொல்லும்போது தாள் படக்கென்று ஆட வேண்டும், குப்பைத்தொட்டிக்கு அசையக் கூடாது. நம்மில் பலருக்கு இரண்டுக்குமே அசையாது. தாய்லாந்து மொழியில் மூச்சு விட்டுச் சொல்லும் ‘ப’வும் மூச்சடக்கிய ‘ப’வும் வேறு வேறு எழுத்து, ஆகவே அங்குள்ள பிள்ளைகள் நம் தவறை அப்படியே பிடித்துக்கொள்வார்கள். எழுத்தொலி சொல்லும்போது ‘ஸ்ஸ்’ என்று நிறுத்தாமல் ‘ஸ’ என்று இழுக்கும் பழக்கத்தையும் கண்டிக்கிறார்கள். இழுத்துப் பழகிய பிள்ளை பிறகு எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது சொல் ஒட்டாது.

அந்த ஊர்ப் பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்பதையும் சேர்த்திருக்கலாம். தாய்லாந்துக் குழந்தைகளுக்கு ‘பஸ்’ஸின் கடைசி ஒலி ‘ட்’ ஆகும், ‘ஃபுட்பால்’ ‘ஃபுட்பான்’ ஆகும். வியட்நாமில் ‘ஹவுஸ்’ஸின் கடைசி ‘ஸ்’ பல நேரம் காணாமலே போகும். பிள்ளையின் கவனக்குறைவு என்று புது ஆசிரியர் நினைத்துக்கொள்வார். அவர்கள் மொழியில் சொல்லின் முடிவில் அந்த ஒலி வராது என்பதே காரணம்.

பெரிய குறை, மதிய வகுப்புக்கு வரும் பிள்ளைகள். அவர்களுக்கு ஆப்பிளும் ரெட்டும் எல்.கே.ஜி.யிலேயே தெரியும். டீச்சர் மாட்டிக்கொண்டால் ‘அக்கா, தமிழ்லயே சொல்லுங்க’ என்று அவர்களே கைகொடுத்து விடுகிறார்கள். வகுப்பு அமோகமாக நடந்ததுபோல் தோன்றும், வியட்நாமின் ஹனோயில் அப்படி நடக்காது. நிர்வாகத்திடம் கேட்டு, வால்ரஸ், ஹெட்ஜ்ஹாக் மாதிரி அவர்கள் அறியாத சொற்களாக எடுத்து நடத்துவது நல்லது.

உடம்பு மொழி பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாம் ‘சரி’ என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவது அங்கே ‘இல்லை’ என்று படும். செல்லமாகத் தலையைக் கோதுவது தாய்லாந்தில் மரியாதைக்குறைவு. ‘குட்’ என்று கட்டைவிரலைக் காட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.

கையோடு தரும் பையில் 60 பிளாஷ் கார்டு, ஒரு கைப்பொம்மை, ஒரு பந்து. கார்டு எல்லாம் ஏ5 அளவு. பத்துப் பிள்ளைகளுக்குச் சரி, முப்பத்தைந்து பேர் வகுப்பில் கடைசி வரிசைக்குத் தெரியாது. பளபளப்பு லேமினேஷன் என்பதால் டியூப்லைட் வெளிச்சத்தில் படமே மறையும். அதைவிட மோசம், லேமினேஷன் போட்ட பிறகு படத்தின் ஓரத்தோடு வெட்டியிருக்கிறார்கள். கோத்தகிரி மூடுபனிக்கே ஓரம் பிரிகிறது, பாங்காக் மழைக்கு என்ன ஆகும்? படத்தை முதலில் வெட்டி, பிறகு மேட் ஷீட்டில் லேமினேட் செய்து, சுற்றிலும் 3 மி.மீ. விட்டு மறுபடி வெட்டினால் ஈரம் ஏறாது. முனைகளை வளைத்து வெட்டுங்கள், குத்தாது.

சான்றிதழ் விஷயம். விளம்பரத்தில் ‘வெளிநாட்டில் செல்லும்’ என்கிறார்கள். ஐந்து நாளுக்கு ஆறு மணி நேரம் வீதம் 30 மணி நேரம்தான் வருகிறது. வெளிநாட்டுப் பள்ளிகள் வழக்கமாகக் கேட்பது 120 மணி நேரச் சான்றிதழ். ஆவணங்களுக்கான அரைமணி நேரமும் மேம்போக்கு. டிகிரிக்கு அப்போஸ்டில் (ஆவணம் அசல்தான் என்று சர்வதேச ஒப்பந்தம் ஒன்றின்படி அரசு தரும் முத்திரை) வாங்கினால் போதும் என்று முடித்துவிடுகிறார்கள். அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்குத்தான் அது செல்லும். இந்தியாவுக்கு அது 2005-லும் சீனாவுக்கு 2023 நவம்பரிலும் அமலுக்கு வந்தது. சேராத நாடு என்றால் தூதரக முத்திரை தனியாக வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம்.

சாப்பாடு நன்று, ஒரு நாள் படுகர் வீட்டு அவரைக்குழம்பும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்தில் வந்தால் இ-பாஸ் தொல்லை இல்லை, சொந்தக் காரில் வருகிறவர்கள் எடுத்துவிட்டு ஏறுங்கள். தாய்லாந்தில் பள்ளி மே மத்தியில் திறப்பதால் அங்கே போகிறவர்கள் ஏப்ரல் அணியில் சேர வேண்டும். வியட்நாமில் செப்டம்பர் 5 என்பதால் மே அணியே போதும். பதிவு செய்யும்போதே மதிய வகுப்பில் ஆளுக்கு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். அணியில் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்த்தால் ஒருவருக்கு முழு வகுப்பு ஒன்றுகூடக் கிடைக்காது.