நிறுத்தும் பொத்தானைத் தேடும் சுட்டி

லினக்ஸில் திரையைப் பதிவு செய்ய எதை நிறுவலாம் என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். மூன்றாண்டுகளாக ஓபிஎஸ் ஸ்டூடியோவில்தான் பாடக் காணொளிகளைப் பதிவு செய்கிறேன் என்றாலும், அன்று காலையில்தான் ஒரு காணொளியின் வாலை வெட்டிக்கொண்டிருந்ததால், உடனே பதில் சொல்ல மனம் வரவில்லை.

நிறுவுவதில் சிரமம் ஏதுமில்லை. சிரமம், லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் புதிய முறையான வேலாண்டில் தொடங்குகிறது. பழைய எக்ஸ்11 முறையில் எந்தச் செயலியும் திரை முழுவதையும், தட்டப்படும் ஒவ்வொரு விசையையும் எட்டிப் பார்க்க முடிந்தது. வேலாண்ட் அந்த வழியை அடைத்தது. திரையைப் பொறுத்தவரை, 2021-இல் வந்த ஓபிஎஸ் 27, பயனரிடம் அனுமதி கேட்டு, படத்தையும் ஒலியையும் செயலிகளுக்கிடையே கடத்தும் பைப்வயர் வழியாகப் படத்தைப் பெறக் கற்றுக்கொண்டது. விசைகளுக்கு அப்படியொரு விடிவு எனக்கு இன்னும் வரவில்லை. பதிவை நிறுத்த எஃப்9 விசையை அமைத்தால், அமைப்புப் பக்கம் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறது; ஆனால் நான் கட்டளைகளைத் தட்டும் முனையத்தில் (டெர்மினல்) இருக்கும்போது அதை அழுத்தினால், அழுத்தம் முனையத்துக்கே போய்ச் சேருகிறது, ஓபிஎஸ்ஸின் காதில் விழுவதே இல்லை.

ஆகவே என் காணொளிகள் எல்லாம் ஒரே விதமாக முடிகின்றன: ‘நன்றி’ சொன்னதும் சுட்டி கீழே இறங்குகிறது, ஓபிஎஸ் சாளரம் எழுகிறது, அதன் முன்தோற்றத்துக்குள் அதே சாளரம், அதற்குள் இன்னொன்று என்று எதிரெதிர்க் கண்ணாடிகள் போல ஒரு சுரங்கம் விரிகிறது, அதற்குள் சுட்டி தடுமாறிப் பொத்தானை அடைகிறது. இரண்டாவது திரை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் துன்பம் தெரியாது. ஒரு சாளரத்தை மட்டும் பதிவு செய்யலாமே என்பார்கள். முனையத்துக்கும் உலாவிக்கும் மாறி மாறிப் போகும் பாடத்துக்கு அது உதவாது.

மாற்றுவழி உண்டு. ஓபிஎஸ்ஸின் 28-ஆம் பதிப்பிலிருந்து, வேறு நிரல்கள் அதற்குக் கட்டளையிட உதவும் வெப்சாக்கெட் வசதி உடன் வருவதால், 4455 என்ற துறைக்கு (போர்ட்) ‘நிறுத்து’ எனச் சொல்லும் சிறு நிரல் எழுதி, அதை டெஸ்க்டாப்பின் சொந்தக் குறுக்குவிசையோடு இணைத்தேன், அருமையாக இயங்கியது. பிறகு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவியபோது அந்த நிரலைப் படியெடுக்க மறந்தது என் தவறுதான். ஆனால் ஒரு பொத்தானுக்காக நிரல் எழுத வேண்டியிருந்ததே என்ற எரிச்சலில், அதை மறுபடி எழுதவில்லை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு முறை பதிவின் நடுவே மடிக்கணினியின் மின்கலம் தீர்ந்து எல்லாம் அணைந்தது. எம்.கே.வி. வடிவில் பதிந்திருந்ததால் அதுவரை பேசியது ஏறக்குறைய முழுவதும் பிழைத்தது, வழக்கமான எம்.பி.4 என்றால், கடைசியில் எழுதப்படும் அட்டவணை இல்லாமல் கோப்பு திறந்தே இருக்காது. மைக் ஒலியையும் கணினி ஒலியையும் தனித்தனித் தடங்களில் பதிய முடிவதும் என் இருமலைப் பலமுறை மறைத்திருக்கிறது. இதைவிட நம்பகமான பதிவுக்கருவி எனக்கு வாய்த்ததில்லை.

இருந்தும் நண்பரிடம், க்னோம் டெஸ்க்டாப்பில் உள்ளமைந்த பதிவு வசதியே போதும், கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், ஆர் நான்கையும் சேர்த்து அழுத்தினால் பதிவுப் பலகம் திறக்கும், அங்கே தொடங்கலாம், மறுபடி அழுத்தினால் நிற்கும் என்று சொல்லி முடித்துவிட்டேன். அது ஒலியைப் பதியாது என்பதும், அவர் எடுக்கப்போவது பேச்சுப் பாடம் என்பதும் தொலைபேசியை வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தன.