நெடும்பயணத்துக்குச் சைக்கிளைக் கடையில் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தனியாகச் சைக்கிளில் போகத் திட்டமிட்டு, அதற்காக வண்டியைக் கடையில் கொடுத்துத் தயார் செய்யப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நெடும்பயண வண்டிகள்தான் எங்கள் சிறப்பு என்று சொல்லிக்கொள்ளும் ஒரு கடை, செய்யாத வேலைக்கு என்னிடம் பணம் வாங்கியது. கேட்ட பாகத்துக்குப் பதில் மட்டமானதைப் பூட்டி, கிளம்பும் தேதிக்கு முந்தைய நாள் வண்டியைக் கையில் கொடுத்தது. கடையின் பெயரை எழுதவில்லை. புகார் இன்னும் முடியவில்லை. அதோடு, அந்த ஒரு கடையை ஒதுக்கிவிட்டால் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நான் கேட்ட வேலைகள் இவை. என்னிடம் இருந்தது நல்ல ஸ்டீல் ஃப்ரேம். அதற்குப் புதிதாக ஒரு பின்சக்கரம் கட்ட வேண்டும்: 36 ஓட்டை ரிம் (வெளி வளையம்), பல்சக்கரத் தொகுப்பைச் செருகிப் பூட்டும் கேசட் வகை ஹப் (நடுக்குடம்), இரண்டு முனையில் 2.0 மில்லிமீட்டரும் நடுவில் 1.8 மில்லிமீட்டரும் தடிமன் உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்போக் கம்பிகள். பெடல் அச்சில் பழைய பேரிங்கை எடுத்துவிட்டு சீல் செய்த புதியது. புதுச் செயின், புதுப் பல்சக்கரங்கள். பின்னால் ஸ்டீல் கேரியர். பக்கப் பைகள், கூடாரம், தண்ணீர் எல்லாம் சேர்த்து எவ்வளவு எடை ஏறும் என்பதையும், துணைக்கு யாரும் வரவில்லை, தனியாகத்தான் போகிறேன் என்பதையும் எழுத்திலேயே கொடுத்தேன். பாகங்களை வரவழைக்க வேண்டும் என்று சொல்லி முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

அப்புறம் தவணை சொல்ல ஆரம்பித்தார்கள். ஹப் வரவில்லை, ரிம் வந்துவிட்டது, வீல் கட்டும் ஆள் விடுப்பில் இருக்கிறார், நாளைக்கு உறுதி. இந்தத் தாமதம் தற்செயலானது என்று நான் இப்போது நம்பவில்லை. நாளைக் காலையில் கிளம்ப வேண்டியவர் வண்டியைக் கழற்றிப் பார்க்க மாட்டார். பையை மாட்டிக்கொண்டு போய்விடுவார். பழுது தெரியவரும்போது கடையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பார், திரும்பி வந்து சண்டை போடவும் முடியாது. நெடும்பயணம் போகிறவர்களை ஏமாற்றுவது எளிது என்பதற்கு இதுவே பெரிய காரணம்.

நான் கிளம்புவதைத் தள்ளிவைத்துவிட்டு, பயணத்துக்கு எடுத்துப்போகும் முழுச் சுமையையும் ஏற்றி ஓட்டிப் பார்த்தேன். மேடும் பள்ளமுமான சாலை. வேகமெல்லாம் இல்லை, ஏற்றத்தில் நிதானமாக மிதித்துக்கொண்டிருந்தேன். பின்னால் 'டிங்' என்று கம்பி அறுந்த சத்தம். சக்கரம் கோட்டமாகி பிரேக் கட்டையில் உரச ஆரம்பித்தது. செயின் பக்கத்து ஸ்போக் ஒன்று, ஹப்புக்குள் நுழையும் வளைவில் முறிந்திருந்தது. பிரேக்கைத் தளர்த்தி மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தபோதே இன்னொன்றும் போனது.

இந்த இடத்தில் ஸ்போக் ஏன் முறிகிறது என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் கடைக்காரர் சொல்லப்போகும் சாக்கு இதை வைத்துத்தான் இருக்கும். சக்கரம் சுற்றும்போது தரையைத் தொடும் இடத்தில் இருக்கும் ஸ்போக்குகளின் இறுக்கம் சற்றுக் குறைந்து, மேலே போனதும் பழைய நிலைக்கு வருகிறது. 38 மில்லிமீட்டர் டயர் போட்ட, 700சி என்ற அளவுச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 456 முறை சுற்றும். 100 கிலோமீட்டர் ஓட்டினால் ஒவ்வொரு ஸ்போக்கும் 45,000 தடவைக்கு மேல் இப்படித் தளர்ந்து இறுகுகிறது. ஆரம்பத்திலேயே சரியான இறுக்கத்தில் கட்டியிருந்தால் இதனால் ஒன்றும் ஆகாது. தளர்வாகக் கட்டிய சக்கரத்தில் கீழே வரும் ஸ்போக் முழுக்கத் தொய்ந்து, வளைவில் அசைந்து அசைந்து சோர்ந்து கடைசியில் முறியும். ஆக, பெரும்பாலும் முறிவது ஒரே அடியில் வந்த பாரத்தால் இல்லை, சக்கரத்தைக் கட்டிய விதத்தால். நடுவில் மெலிந்த ஸ்போக்கைக் கேட்டதற்கும் இதுதான் காரணம். மெலிந்த பகுதி சற்று நீண்டு கொடுப்பதால் வளைவில் விழும் சிரமம் குறைகிறது.

தொலைபேசியில் கூப்பிட்டபோது கடைக்காரர் சொன்னது: "பாரம் ஜாஸ்தி ஏத்தியிருப்பீங்க. டூர்னா ஸ்போக் உடையத்தான் செய்யும்." நான் ஏற்றிய எடை அவருக்கு எழுதிக் கொடுத்த எடைதான். இருவர் சேர்ந்து மிதிக்கும் டேண்டம் சைக்கிள்களே 36, 40 ஸ்போக் சக்கரங்களில்தான் ஓடுகின்றன. ஒரு ஆளையும் நாலு பையையும் தாங்காத 36 ஸ்போக் சக்கரம் என்றால் கட்டியதில்தான் கோளாறு. இந்தப் பதிலை யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

வண்டியை வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். சக்கரம் கட்டுவதிலேயே வயதான மனிதர். கழற்றுவதற்கு முன்பே பல்சக்கரத்தைக் கையால் பின்பக்கமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கேசட்டுன்னு சொல்லி ஃப்ரீவீல் போட்டுக் குடுத்திருக்காங்களே" என்றார். எனக்கும் செய்து காட்டினார். பல்சக்கரங்களைப் பின்பக்கம் சுற்றும்போது, நடுவில் ஸ்பானர் மாட்டுவதற்கான பள்ளங்களும் கூடவே சுற்றினால் கேசட். பள்ளங்கள் அப்படியே நிற்க, பற்கள் மட்டும் சுற்றினால் மரையில் திருகிய பழைய வகை ஃப்ரீவீல். சில நொடிகளில் முடிகிற சோதனை.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ஃப்ரீவீல் ஹப்பில் வலப் பக்கத்து பேரிங், பல்சக்கரங்களுக்கு உள்பக்கம், ஹப்போடு ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து ஃப்ரேம் வரை அச்சு தாங்கலின்றி நீட்டிக்கொண்டு நிற்கும். பல்சக்கரங்களின் எண்ணிக்கை கூடக்கூட அந்த நீளமும் கூடும். எனக்குப் போட்டிருந்தது எட்டுப் பல்சக்கர ஃப்ரீவீல். சுமையோடு போனால் அச்சு வளையும், ஒரு நாள் முறியும். ஷிமானோ 1978-இல் கொண்டுவந்த ஃப்ரீஹப் அமைப்பில் அந்த பேரிங் வெளிப்பக்கம், ஃப்ரேமுக்கு அருகே போய்விட்டதால்தான் பாரம் ஏற்றுகிறவர்கள் கேசட் ஹப்பைக் கேட்கிறார்கள். அவர் என் அச்சைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டினார். அந்த ஒரு சோதனை ஓட்டத்திலேயே லேசாக வளைந்திருந்தது.

ஸ்போக்குகளில் காந்தத்தை வைத்தார், 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்போக்கில் காந்தம் ஒட்டாது, அல்லது பலவீனமாகத்தான் இழுக்கும். இவை துத்தநாகப் பூச்சுப் போட்ட சாதாரணக் கம்பிகள், முழு நீளமும் ஒரே தடிமன். விரலால் ஒவ்வொன்றாகச் சுண்டிக் காட்டினார். ஒரே பக்கத்து ஸ்போக்குகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். என் சக்கரத்தில் ஒன்று கீச்சென்றது, அடுத்தது சத்தமே எழுப்பவில்லை. ரிம் நேராகத் தெரிகிற அளவுக்குக் கோட்டம் மட்டும் எடுத்துவிட்டு, இறுக்கத்தைச் சமன் செய்யாமல் விட்டிருக்கிறார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெடல் அச்சில் பழைய பேரிங்கே இருந்தது, வெளியே துடைத்து கிரீஸ் பூசியிருந்தார்கள். செயின் என்னுடைய பழைய செயின்தான், மண்ணெண்ணெயில் கழுவிப் பளபளப்பாக்கியது. பன்னிரண்டு முழுக் கண்ணிகள் புதிதில் 304.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். என்னுடையது 308-ஐ நெருங்கியிருந்தது, அதாவது ஒரு சதவீதத் தேய்மானம். எட்டு கியர் செயினையே 0.75 சதவீதத்தில், அதாவது ஏறக்குறைய 307 மில்லிமீட்டர் வந்ததும் மாற்றிவிடுவார்கள். அதற்கு மேல் ஓட்டினால் பல்சக்கரங்களையும் தின்றுவிடும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது கேரியரைப் பார்த்தபோதுதான். ஃப்ரேமில் கேரியரைப் பிடிக்கும் வலப் பக்கக் கீழ் ஓட்டையின் மரை அழிந்திருந்தது. புது மரை போடுவது பெரிய வேலை இல்லை. அதைச் செய்யாமல் பசையை ஊற்றி போல்ட்டை ஒட்டியிருந்தார்கள். கையால் திருகியதும் வந்துவிட்டது. இறக்கத்தில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அது கழன்று, கேரியரும் பைகளும் சக்கரத்துக்குள் சரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வலப் பக்கம் மரை போனது ஒட்டியவருக்குத் தெரியும். நான் தனியாகப் போவதும் தெரியும். இதை அலட்சியம் என்று என்னால் சொல்ல முடியாது.

வழிக்கு என்று கொடுத்த உபரி ஸ்போக்குகளும் உதவாதவை. பின்சக்கரத்தில் செயின் பக்கத்து ஸ்போக், மறுபக்கத்தைவிடச் சற்றுக் குட்டையானது. அவர்கள் கொடுத்த கட்டில் எல்லாமே நீளமானவை. அதைச் செயின் பக்கம் போட்டால், ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் நிப்பிளைத் தாண்டி நீட்டிக்கொண்டு டியூபைக் குத்தும். அதிகம் உடையும் பக்கத்துக்கு ஒன்றுகூட இல்லை.

கடைக்கு நேரில் போனேன். முதலில் மறுத்தார்கள். கழற்றிய பாகங்களை மேசையில் வைத்ததும் பேச்சு மாறியது. கேசட் ஹப் கிடைக்கவில்லை, அதற்குச் சமமானதைப் போட்டோம் என்றார்கள். சமமானது என்றால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், பதில் இல்லை. பில்லை எடுத்துக் காட்டினார்கள். அதில் 'வீல் செட்', 'முழு ஓவராயில்', 'செயின் வேலை' என்று மட்டும் இருந்தது. நான் கொடுத்த பட்டியலில் ஒவ்வொரு பாகத்துக்கும் விவரம் இருந்தும், பில்லை அவர்கள் வேண்டுமென்றே மொட்டையாகப் போட்டிருக்கிறார்கள். கடைசியில் ஸ்போக்குக்கான பணத்தை மட்டும் தருகிறோம், வெளியில் யாரிடமும் எதுவும் சொல்லக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. நுகர்வோர் புகார் கொடுத்த பிறகு செயினுக்கும் பேரிங்குக்கும் வாங்கிய பணம் திரும்பி வந்தது. ஹப்புக்கும் சக்கரம் கட்டிய கூலிக்கும் இன்னும் இழுத்தடிக்கிறார்கள்.

நீங்கள் கடையில் கொடுப்பதாக இருந்தால், பில்லில் ஒவ்வொரு பாகத்தின் தயாரிப்பாளர் பெயரும் மாடல் எண்ணும் வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கழற்றிய பழைய பாகங்கள் உங்கள் கைக்கு வர வேண்டும். பழையதைக் கொடுக்கத் தயங்கும் கடை பெரும்பாலும் மாற்றவே இல்லை. பணத்தில் ஒரு பகுதியை, முழுச் சுமையோடு ஓட்டிப் பார்த்த பிறகே தருவேன் என்று பேசிக்கொள்ளுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத கடையில் வேலை கொடுக்க வேண்டாம். வண்டி கைக்கு வரும் தேதிக்கும் கிளம்பும் தேதிக்கும் இடையே சில வாரங்களாவது இருக்கட்டும்.

வண்டியை எடுக்கும்போது கடையிலேயே நின்று பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். பல்சக்கரத்தைப் பின்பக்கம் சுற்றுங்கள். காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். ஸ்போக்குகளைச் சுண்டுங்கள். செயினை அளவுகோலால் அளந்து பாருங்கள். பெடல் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளினால் ஹேண்டில்பார் கழுத்தில் 'டக் டக்' என்று தட்டக் கூடாது. கேரியரைப் பிடித்துப் பலமாக ஆட்டுங்கள், போல்ட் ஒவ்வொன்றையும் நீங்களே ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். உபரி ஸ்போக்குகளை இரண்டு பக்கத்து நீளத்துக்கும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். பின் கியரை ஃப்ரேமோடு பிடிக்கும் ஹேங்கர் என்ற துண்டு ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வேறு வடிவம், வழியில் பொருத்தமானது கிடைக்காது. அதில் ஒன்றும் உபரி வேண்டும்.

பின்சக்கரத்தை அந்த வயதான மெக்கானிக்கே புது கேசட் ஹப்பில் மறுபடி கட்டிக் கொடுத்தார். பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டிக்கொண்டே கட்டினார். இறுக்கத்தை மீட்டரில் அளந்து, ரிம் தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்குள் வலப் பக்கத்தைச் சமன் செய்தார். பிறகு ஸ்போக்குகளை ஜோடி ஜோடியாகக் கையால் அழுத்தி, உட்காராத வளைவுகளை உட்கார வைத்து, மறுபடி அளந்தார். அதே சுமையோடு அதே சாலையில் திரும்பத் திரும்ப ஓட்டிவிட்டேன், கோட்டம் எடுக்க வேண்டிய தேவை வரவில்லை. பயணத்துக்கு ஏற்ற பருவம் மட்டும் கைவிட்டுப் போய்விட்டது. அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.

'வீல் செட்', 'முழு ஓவராயில்' என்று மொட்டையாக எழுதிய பில்லோடு வண்டியை வாங்கி வைத்துவிட்டு, கிளம்பும் நாளுக்காகக் காத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே பின்சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்.