இங்க் டேங்கா, லேசரா?

வீட்டுக்கு ஒரே பிரிண்டர். போட்டோவும் வரவேண்டும், டாக்குமென்ட்டும் வரவேண்டும் என்றால் குழப்பம் இங்க் டேங்க் (தொட்டியில் திரவ மை ஊற்றும் இங்க்ஜெட் வகை), லேசர் (டோனர் என்ற மைப்பொடியைச் சூட்டில் தாளில் ஒட்டும் வகை) என்ற இந்த இரண்டில்தான்.

போட்டோ: சந்தேகமே வேண்டாம், இங்க் டேங்க். கலர் லேசரில் படம் தட்டையாக இருக்கும். இங்க்ஜெட்டுக்கான பளபளப்புத் தாளை லேசரில் விடவே கூடாது. சூட்டில் மேற்பூச்சு உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

எழுத்து: லேசர். ஈர விரல் பட்டாலும் கலையாது.

செலவு: இங்க் டேங்கில் பக்கத்துக்கு ஆகும் செலவு குறைவு. டோனர் வாங்கும்போது கையைக் கடிக்கும்.

சும்மா கிடந்தால்: இங்க் முனையில் காய்ந்து, படத்தில் வெள்ளைக் கோடு விழும். அதைச் சுத்தம் செய்யவே மை வீணாகும். வாரம் ஒரு கலர் பக்கம் எடுத்தால் தப்பிக்கலாம். டோனர் பொடி, காயாது.

அடிக்கடி போட்டோ பிரிண்ட் எடுப்பவருக்கு இங்க் டேங்க். மாதம் நாலு படிவம்தான் என்றால் கறுப்பு வெள்ளை லேசர் போதும். போட்டோவை ஸ்டூடியோவில் போட்டுக்கொள்ளுங்கள்.