‘சேம் மாடல்தான்கா’: லேப்டாப் வாங்கப் போய் ஏமாந்த கதை

நான் மலேசியாவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறவள். சப்ளையர் அனுப்பும் இன்வாய்ஸில் சாமானின் குறியீட்டில் ஓர் எழுத்து பிசகினாலும் கையெழுத்துப் போட மாட்டேன். சாமான் ஏற்றி வரும் லாரிக்காரர்களுக்கு என் முகத்தைக் கண்டாலே ஆகாது. அப்படிப்பட்டவள், சொந்தக் காசைப் போட்டு வாங்கிய சாமானுக்கு ‘நோட்புக் 14 இன்ச் – 1 யூனிட்’ என்று மட்டும் எழுதியிருந்த ரசீதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கிள்ளான் கொமுட்டர் ரயிலில் சந்தோஷமாக வீடு வந்து சேர்ந்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு மெட்ரிகுலேசன் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) இடம் கிடைத்து, லேப்டாப் தேடி அலையும் அம்மா அப்பாக்கள் என் வேலையிடத்திலேயே நாலு பேர் இருக்கிறார்கள்.

மகளுக்கு ஹாஸ்டலுக்குத் தூக்கிப் போகிற மாதிரி சின்னதாக, எடை குறைவாக ஒன்று வேண்டும். கேம் விளையாட அல்ல. எழுத, படிக்க, வகுப்பு பார்க்க. இரண்டு வாரம் ராத்திரி சமையல் முடிந்ததும் உட்கார்ந்து விலை பார்த்தேன். ஷோப்பி, லசாடா என்ற இணையச் சந்தைகள் இரண்டிலும், அந்த பிராண்டின் அதிகாரபூர்வக் கடையில் மட்டும். கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். இன்டெல் கோர் ஐ3-என்305 சில்லு, 8 ஜிபி மெமரி, 256 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பிடம். விலை 1,699 வெள்ளி (ரிங்கிட்). வவுச்சர் 60 வெள்ளி போக 1,639. வீட்டுக்கு அனுப்பக் காசு இல்லை.

அதே பக்கத்தில், அதே பெயரில், அதே நிறத்தில், 1,099 வெள்ளிக்கும் ஒன்று இருந்தது. சில்லு என்100, மெமரி 4 ஜிபி, 128 ஜிபி இஎம்எம்சி சேமிப்பிடம். ‘மெமரி பாதிதான்’ என்று அதைத் தள்ளிவிட்டேன். இந்த வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே பட்டனைத் தட்டியிருந்தால் இந்தப் பதிவே இல்லை. வீட்டுக்காரர்தான், “ஆயிரத்து அறுநூறு வெள்ளி சாமானக் கண்ணால பாக்காம வாங்குவியா?” என்றார். கேட்டது நியாயமாகத்தான் பட்டது. கீபோர்டைத் தட்டிப் பார்க்கலாம், கனம் பார்க்கலாம், பேரம் பேசினால் இன்னும் கொஞ்சம் குறையலாம். சனிக்கிழமை நானும் மகளும் கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரலில் இறங்கி, மோனோரயில் பிடித்து, இம்பியில் இறங்கினோம். புக்கிட் பிந்தாங் பக்கம், கணினிக் கடைகள் மாடி மாடியாக இருக்கும் ஒரு பேரங்காடி. எந்தக் கடை என்று எழுதப் போவதில்லை. விவகாரம் முடிந்துவிட்டது, அதே மாடியில் ஒழுங்காக யாவாரம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

முதல் மாடி ஏறியதிலிருந்து “யெஸ் மிஸ், லேப்டாப்?” என்று ஆளாளுக்குக் கையைப் பிடிக்காத குறை. நாலாவது கடையில் ஒரு பையன், “வாங்கக்கா, என்னா தேடுறீங்க?” என்றான். தமிழ்ப் பையன். இருபத்து மூணு, இருபத்து நாலு வயது இருக்கும். நெற்றியில் திருநீறு. எனக்கு அங்கேயே மனசு இளகிவிட்டது. ஆபீஸில் யார் சிரித்தாலும் இளகாத மனசு.

“ஆன்லைன்ல என்னா வெலெ பாத்தீங்க? லிங்க் இருந்தா என் நம்பருக்குத் தட்டி விடுங்கக்கா.” அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவன் என் எதிரிலேயே நின்றுகொண்டு பதில் அனுப்பினான்: ‘போலே கா. சேம் ஸ்பெக்.’ அதாவது முடியும், அதே விவரம்தான். வாயால், “அதவிட நாப்பது வெள்ளி கொறச்சுப் போட்டுர்றேன். 1,599. சேம் மாடல்தான்கா” என்றான்.

கடையில் வைத்திருந்த டிஸ்ப்ளே செட்டில் மகள் தட்டிப் பார்த்தாள். பிடித்திருந்தது. ஸ்டாக் மேல் மாடியில் இருக்கிறது, அஞ்சு நிமிசம் என்று போனவன் அரை மணி நேரம் கழித்து வந்தான். இந்தக் கடைகளில் பாதிக்கு மேல் சொந்த ஸ்டாக் வைத்துக்கொள்வதில்லை, ஆள் வந்த பிறகு அடுத்த கடையில் ஓடி எடுத்து வருவார்கள் என்று பிறகுதான் ஒருவர் சொன்னார். அது குற்றமில்லை. குற்றம், பெட்டியின் சீல் ஏற்கெனவே அறுந்திருந்தது. “டைம் வேஸ்ட் வேணாம்னு நானே செட்டப் பண்ணிட்டேன்கா.” திரை எரிந்துகொண்டிருந்தது, வால்பேப்பர் பளபளத்தது. பெட்டி ஏற்கெனவே கடைப் பைக்குள், லேபிள் இருக்கும் பக்கம் கீழே.

செட்டப்புக்கு 50 வெள்ளி. ஆச்சு 1,649. கார்டு என்றதும் “கேஷ் வெலெதான்கா அது, கார்டுன்னா மூணு பர்செண்ட்.” 49 வெள்ளி 47 காசு. மொத்தம் 1,698.47. இணையத்தில் 1,639. நாற்பது வெள்ளி குறைத்துத் தருவதாகச் சொன்னவனிடம் 59 வெள்ளி 47 காசு கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன், அதுவும் சாமான் சரியாக இருந்திருந்தால். இந்தக் கணக்கை நான் அங்கேயே மனசுக்குள் போட்டேன், பொய் சொல்லவில்லை. ஆனால் கால் வலி, மகளுக்குப் பசி, அரை மணி நேரம் அலைந்து எடுத்து வந்த பையன் முகத்தில் வேர்வை. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வேர்வைக்கும் சேர்த்துத்தான் விலை வைக்கிறார்கள்.

மூன்றாவது வாரம் ஹாஸ்டலிலிருந்து மகள் அழைத்தாள். ரூம்மேட் பெண்ணிடமும் இதே பெயர் லேப்டாப்தான், ஆன்லைனில் வாங்கியது. “அவளுது பட்டுன்னு தொறக்குதும்மா. என்னுதுல ரெண்டு டேப் தொறந்தா தூங்கிருது.” செட்டிங்ஸில் போய் சிஸ்டம், அபவுட் என்ற இடத்தைப் பார்க்கச் சொன்னேன். மெமரி 4 ஜிபி. சில்லு என்100. சேமிப்பிடம் 116 ஜிபி என்று காட்டியது, அதாவது பெட்டியில் 128 என்று போடுவது. நான் தள்ளிவிட்ட அந்த 1,099 வெள்ளி சாமான்.

என்100 மோசமான சில்லு என்று நான் சொல்லவில்லை. நாலு கோர், அதாவது வேலை செய்யும் நாலு மூளை, சின்ன வேலைக்குப் போதும். ஐ3-என்305க்கு எட்டு கோர், அவ்வளவுதான். உண்மையான இடி மற்ற இரண்டில். விண்டோஸ் 11க்கு 4 ஜிபி என்பது கீழ் வரம்பு. அது எழுந்து உட்காரவே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். இஎம்எம்சி என்பது போனில் இருக்கும் வகைச் சேமிப்புச் சில்லு. அதன் வேகத்துக்கு உச்சவரம்பே நொடிக்கு 400 எம்பி. சாதாரண என்விஎம்இ வகை எஸ்எஸ்டி அதைப் போலப் பல மடங்கு ஓடும். போதாததற்கு இந்த மாடலில் மெமரி, இஎம்எம்சி இரண்டும் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தவை. கழற்றவும் முடியாது, கூட்டவும் முடியாது.

அடுத்த சனிக்கிழமை லேப்டாப்போடு கடைக்குப் போனேன். பையன் பதறவே இல்லை. பெட்டியைத் திருப்பிக் காட்டினான். “பேர் பாருங்கக்கா. நீங்க அனுப்பின பேர்தானே?” பேர் அதேதான். பெயருக்குப் பின்னால் ஒரு கோடு, கோட்டுக்குப் பின்னால் எண்ணும் எழுத்துமாக ஒரு வால். அந்த வாலின் கடைசி நாலு இடம்தான் வேறு. அறுநூறு வெள்ளி வித்தியாசம் அந்த நாலு இடத்தில் இருந்தது. பிறகு பெரிய மனசோடு, “180 வெள்ளி கொடுங்க, ராம் ஏத்தித் தர்றேன்” என்றான். ராம் என்பது மெமரிதான். ஏற்ற இடமே இல்லாத மிஷினுக்கு! உள்ளேயிருந்து தவுக்கே, அதாவது கடை முதலாளி, எட்டிப் பார்த்து, ரசீதின் அடியில் விரலை வைத்தார். விற்ற சாமான் திரும்ப எடுக்கப்படாது.

அந்த வரியைப் பார்த்துத்தான் நம்மில் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுகிறோம். நானும் எஸ்கலேட்டர் வரை போய்விட்டேன். ஆனால் விற்கிற சாமான் சொன்ன விவரத்தோடு பொருந்த வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. ரசீதில் ஒரு வரி அச்சடித்து அந்தப் பொறுப்பைக் கழற்றிவிட முடியாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. மனசு மாறி, நிறம் பிடிக்காமல் போய்த் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளக் கடைக்காரருக்குக் கட்டாயமில்லை. எட்டு என்று சொல்லி நாலைக் கொடுத்தால் கதை வேறு.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப் போட்டேன். கட்டணம் 5 வெள்ளி. இம்பிக்கு ஒரு தடவை போய் வருகிற செலவில் பாதிகூட இல்லை. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வாங்கி மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைக்க முடியாது, கடைக்காரரும் வைக்க முடியாது. இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. போராங் 1 என்ற மனுப் படிவத்தை நிரப்பும்போது கடையின் பதிவுப் பெயர் கேட்பார்கள். அது போர்டில் இருக்கிற பெயராக இருக்காது, ரசீதில் எண்ணோடு போட்டிருக்கும். ஆக அந்த உருப்படாத ரசீது அதற்காவது உதவியது. சாமானின் விவரத்துக்கு ரசீதில் ஒன்றும் இல்லை. என்னைக் காப்பாற்றியது வாட்ஸ்அப். நான் அனுப்பிய படம், அதில் 8 ஜிபி, 256 ஜிபி என்று தெளிவாக. அதற்குக் கீழே அவன் கையால் ‘சேம் ஸ்பெக்’. அவன் கேட்டதால்தான் அனுப்பினேன். யோசித்துச் செய்தேன் என்று பெருமை பேச ஒன்றுமில்லை.

இதைப் படித்துவிட்டு ‘அப்போ ஆன்லைன்தான் நல்லது’ என்று சிலர் சொல்லக்கூடும். அங்கேயும் இதே வித்தைதான், சட்டை மட்டும் வேறு. தேடினால் முதலில் தெரிகிற விலை, அந்தப் பக்கத்தில் இருப்பதிலேயே மலிவான வகையின் விலை. சில கடைகளில் அது லேப்டாப்பே இல்லை, பை! ஒவ்வொரு வகையாகத் தட்டினால்தான் நமக்கு வேண்டியதன் விலை ஏறிக்கொண்டு வரும். அதிகாரபூர்வக் கடையை விட இருநூறு, முன்னூறு குறைத்துப் போட்டிருக்கும் கடைகளில் வாரண்டி ‘செல்லர் வாரண்டி’ என்று இருக்கும். அப்படியென்றால் பழுதானால் பிராண்டின் சர்வீஸ் சென்டர் கைகழுவும், விற்றவரைத்தான் தேட வேண்டும். வெளிநாட்டுக்கென்று செய்த எக்ஸ்போர்ட் செட்டும் இதில் வரும். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்காமல் ‘ஆர்டர் ரிசீவ்ட்’ தட்டிவிட்டால், அந்தத் தளம் பிடித்து வைத்திருக்கும் காசு விற்றவர் கைக்குப் போய்விடக்கூடும், பிறகு இழுபறியாகவும் ஆகலாம்.

நேரில் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பெயரை ஒப்பிடாதீர்கள், அந்த வாலை ஒப்பிடுங்கள். இணையப் பக்கத்தில் விவரப் பட்டியலில் முழு மாடல் எண் இருக்கும், பெட்டியின் லேபிளிலும் இருக்கும். ஓர் எழுத்து விடாமல் விரல் வைத்துப் படியுங்கள், சீலை உங்கள் எதிரில் அறுக்கச் சொல்லுங்கள், அந்த எண்ணும் சீரியல் எண்ணும் ரசீதில் ஏறாமல் கார்டை நீட்டாதீர்கள். சீரியல் எண்ணை பிராண்டின் வெப்சைட்டில் போட்டால் வாரண்டி விவரம் பெரும்பாலும் அங்கேயே தெரியும். நாம் இன்றைக்கு வாங்குகிற சாமானுக்கு வாரண்டி ஆறு மாதத்துக்கு முன்பே ஓடத் தொடங்கியிருந்தால், அது யார் கையிலோ இருந்து வந்ததாகவும் இருக்கலாம், காரணம் கேளுங்கள். செட்டப்புக்குக் காசு கேட்டால் சிரித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். பிராண்ட் லேப்டாப்பில் பெரும்பாலும் விண்டோஸ் பாக்டரியிலேயே ஏற்றியிருப்பார்கள். மொழியைத் தேர்ந்தெடுத்து, வைபை பாஸ்வர்டு போடுவதற்கு ஐம்பது வெள்ளி எதற்கு?

வேர்வையைப் பார்த்து இரங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பையனுக்கும் கமிஷன்தான் சம்பளமாக இருக்கும். எல்லாம் தவுக்கே சொல்லிக் கொடுத்த பாடமாகவும் இருக்கலாம். திருநீற்றையும் லேபிளையும் நான் குழப்பிக்கொண்டேன், அவ்வளவுதான்.

மனுவின் நகல் கடைக்குப் போய்ச் சேர்ந்தால் பதினாலு நாளுக்குள் அவர்கள் பதில் போட வேண்டும். ஒன்பதாம் நாள் தவுக்கேயே போன் செய்தார். குரலில் அவ்வளவு மரியாதை. சாமானைக் கொண்டு வாருங்கள், 1,649 வெள்ளி முழுசாகத் தருகிறேன், கேஸை மீட்டுக்கொள்ளுங்கள் என்றார். 49.47 எங்கே என்று கேட்டேன். அது பேங்க் எடுத்துக்கொண்டது என்றார். உங்கள் ரசீதில்தானே இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. சரி என்றார்.

லேப்டாப்பைக் கொடுத்தேன், கடை கவுண்டரிலேயே நின்று என் அக்கவுண்டுக்குக் காசு வந்ததைப் பார்த்தேன். இரண்டு தடவையாக வந்தது. முதலில் 1,649.00. பிறகு 49.45.

அந்த 2 காசை என் நோட்டில் வராக்கடன் என்று எழுதி வைத்திருக்கிறேன்.