பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இல்லையா? விடுமுறைக்கு டெல்டா வருபவர்கள் கவனத்துக்கு

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ பிள்ளை பெற்று, கைக்குழந்தையோடு கணவர் வேலைபார்க்கும் நாட்டுக்குத் திரும்பும் பெண்கள் டெல்டாவில் ஏராளம். அவசரத்தில் வாங்கிப்போன பிறப்புச் சான்றிதழை அப்புறம் பல வருடம் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது), குடியுரிமை, நிரந்தர வசிப்புரிமை என்று ஏதாவது வரும்போதுதான் தந்தை பெயர்க் கட்டம் காலியாக இருப்பதோ, அதில் வெறும் இனிஷியல் மட்டும் நிற்பதோ தெரியவருகிறது. இதை வெளிநாட்டில் இருந்துகொண்டு முடிப்பது கடினம். விடுமுறையில் வந்து முடிக்கலாம். ஆனால் விமானம் ஏறுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும்.

முதலில் இடம். பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும், தாய் எந்த ஊர் என்பதற்குக் கணக்கில்லை. நீடாமங்கலம் பக்கத்துப் பெண் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையில் பிரசவித்திருந்தால், பதிவைத் தஞ்சாவூரில் தேட வேண்டும். ஊர் வி.ஏ.ஓ.விடம் எதுவும் இருக்காது. கிராமத்து வீட்டிலேயே பிறந்த குழந்தை என்றால் வி.ஏ.ஓ.வைக் கேட்கலாம், ஆனால் பழைய பதிவேடுகள் அவர் கையில் இருப்பதில்லை. தாலுகா அலுவலகத்திலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ தேட வேண்டியிருக்கும். நாகூர்ப் பக்கத்திலிருந்து காரைக்கால் மருத்துவமனைக்குப் போய்ப் பிரசவித்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். அந்தப் பதிவு காரைக்கால் நகராட்சியிலோ, திருநள்ளாறு, நெடுங்காடு போன்ற கொம்யூன் பஞ்சாயத்திலோ (புதுச்சேரியின் ஊரக உள்ளாட்சி அமைப்பு) இருக்கும். தமிழ்நாட்டு இணையதளத்தில் எத்தனை முறை தேடினாலும் அது வராது.

மாவட்டப் பெயரைப் பார்த்துப் பதறுகிறவர்களும் உண்டு. நாகப்பட்டினம் 1991இலும் திருவாரூர் 1997இலும் தனி மாவட்டங்களாயின. மயிலாடுதுறை 2020இல்தான் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்தது. 2015இல் சீர்காழியில் பிறந்த குழந்தையின் சான்றில் நாகப்பட்டினம் மாவட்டம் என்று இருந்தால் அது பிழையே இல்லை. அதைத் திருத்தக் கேட்டு அலைய வேண்டாம்.

அடுத்து, என்ன கோளாறு என்பதைச் சரியாகப் பிடிக்க வேண்டும். காலம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். குழந்தையின் பெயரைப் பின்னால் சேர்ப்பது ஒரு வேலை, தந்தையின் பெயரைச் சேர்ப்பது முற்றிலும் வேறு வேலை. முன்னது 1969ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் வருகிறது. தமிழ்நாட்டில் பதிவான 12 மாதத்துக்குள் கட்டணமில்லை, அதன் பிறகு 15 வருடம் வரை 200 ரூபாய் தாமதக் கட்டணம். தந்தை பெயர் 15ஆம் பிரிவில், அதாவது பதிவைத் திருத்தும் பிரிவில் வருகிறது. வாசலில் மனு எழுதித் தருகிறவர்கள் 'பெயர் சேர்க்கணுமா' என்று கேட்டுக் குழந்தை பெயருக்கான மனுவை எழுதிக் கொடுத்துவிட்டால், அது உள்ளே போய் அப்படியே திரும்பி வரும். மனுவின் முதல் வரியிலேயே 'பிறப்புப் பதிவேட்டில் தந்தையின் பெயர் விடுபட்டதைத் திருத்தக் கோருதல்' என்று எழுதுங்கள்.

15ஆம் பிரிவுக்குள்ளும் இரண்டு வகை உண்டு. மருத்துவமனை அனுப்பிய படிவம் 1இல், அதாவது பிறப்பு அறிக்கையில், தந்தை பெயர் சரியாக இருந்து, பதிவேட்டில் ஏற்றும்போது விடுபட்டிருந்தால் அது எழுத்துப் பிழை. பிறப்பு இறப்புப் பதிவாளர் விசாரித்துத் தாமே திருத்தலாம். மருத்துவமனை படிவத்திலேயே பெயர் இல்லையென்றால் அது பதிவின் உள்ளடக்கத்தில் உள்ள பிழை. அப்போது விவரம் அறிந்த நம்பத்தகுந்த இருவர், பிழை என்ன, உண்மை என்ன என்று எழுத்தில் உறுதிமொழி தர வேண்டும். பிரசவத்தின்போது கூடவே இருந்த தாய்மாமன், சித்தி போன்றவர்கள் இதற்குப் பொருத்தம். யாரோ ஒரு பெரிய மனிதரைப் பிடித்துக் கையெழுத்து வாங்கினால், விசாரணையில் அவருக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது.

ஆகவே முதல் நாளில் போக வேண்டிய இடம் மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவு. பதிவாளரைப் பிறகு பார்க்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரி, தாயின் சேர்க்கைப் பதிவு, அனுப்பிய அறிக்கையின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். பெயர் தங்கள் அறிக்கையில் விடுபட்டுவிட்டது என்று மருத்துவமனை ஒரு கடிதம் தந்தால் வேலை பாதியாகக் குறையும். கர்ப்பிணிப் பதிவான பிக்மி விவரத்தையும் பாருங்கள். கிராம சுகாதாரச் செவிலியர் அதில் கணவர் பெயரை எப்படி ஏற்றினாரோ அது மருத்துவமனை ஆவணத்திலும் அப்படியே இறங்கியிருக்கலாம். 'செந்தில்' மட்டும் இருந்து 'குமார்' காணாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

திருமணச் சான்றுதான் இந்த ஆவணக் கட்டில் கனமான காகிதம். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும், தாமதக் கட்டணத்தோடு 150 நாள் வரை போகலாம். பதிந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகச் சான்று போதும். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கத்துக் குடும்பங்கள் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டு நகலையும், தேவாலயத்தில் மணந்தவர்கள் பங்குப் பதிவேட்டு நகலையும் கூடவே வைப்பது நல்லது. குழந்தை பிறந்த தேதிக்கு முன்னால் திருமணம் நடந்ததா என்பதைத்தான் பதிவாளர் முதலில் பார்ப்பார். இதோடு பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட், ஆதார் இருந்தால் அதன் நகல், பழைய பிறப்புச் சான்றின் அசல் ஆகியவை வேண்டும். பள்ளிச் சான்றை வேண்டுமானால் சேர்க்கலாம். பெற்றோர் சொன்னதைப் பள்ளி எழுதிக்கொண்டது என்பதால் அதற்குத் தனி வலு கிடையாது.

தந்தை கூட வர முடியாவிட்டால், அவர் இருக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்தில் தூதரக அலுவலர் முன்னால் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரத்தின் அசலை அனுப்பச் சொல்லுங்கள். வெளிநாட்டு நோட்டரி முத்திரை மட்டும் உள்ள காகிதத்தைத் தாலுகா அளவில் ஏற்கத் தயங்குவார்கள், அந்தத் தயக்கத்தில் நியாயமும் உண்டு. ஸ்கேன் நகல் உதவாது. தந்தை வேறு நாட்டுக் குடிமகனாகிவிட்டிருந்தால், குழந்தை பிறந்தபோது அவரிடம் இருந்த ரத்தான இந்தியப் பாஸ்போர்ட்டைத் தேடி எடுங்கள். பெயர் மாறாமல் தொடர்வதைக் காட்ட அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. தந்தை காலமாகிவிட்டிருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, திருமணச் சான்று மூன்றும் சேர்ந்து போக வேண்டும்.

திருமணம் இல்லாமல் பிறந்த குழந்தை என்றால், தாயும், தாமே தந்தை என்று ஒப்புக்கொள்பவரும் சேர்ந்து கையெழுத்திட்டுக் கேட்க வேண்டும். ஒருவர் மட்டும் போய் மற்றவர் பெயரை ஏற்ற முடியாது. ஏற்கெனவே ஒருவர் பெயர் இருக்க, அதை எடுத்துவிட்டு இன்னொருவர் பெயரைப் போடச் சொல்வது திருத்தமே ஆகாது. திருமண உறவு நிலைத்திருக்கும்போது பிறந்த குழந்தை அந்தக் கணவரின் குழந்தையே என்று சாட்சியச் சட்டம் கொள்கிறது. திருமணம் முறிந்த 280 நாளுக்குள், தாய் மறுமணம் செய்யாதிருக்கப் பிறந்தாலும் அப்படித்தான். முன்பு 112ஆம் பிரிவாக இருந்தது புதிய சட்டத்தில் 116 ஆகியிருக்கிறது. பதிவில் உள்ள தந்தை பெயரை மாற்றும் அதிகாரம் பதிவாளருக்கு இல்லை, நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். மறுமணம் செய்துகொண்ட தாய், இரண்டாம் கணவர் பெயரைப் போட விரும்பினால் முறையான தத்தெடுப்பு நடந்திருக்க வேண்டும்.

தனியாகக் குழந்தை வளர்க்கும் அம்மாக்களுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருப்பது சட்டப்படி குறை அல்ல. மணமாகாத தாய் உறுதிமொழிப் பத்திரம் தந்தாலே சான்றிதழ் வழங்க வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருச்சியில் செயற்கைக் கருவூட்டலில் பிறந்த ஒரு குழந்தையின் சான்றில், தந்தை பெயரை நீக்கிவிட்டு இடத்தைக் காலியாக விடும்படி 2018இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அலுவலகத்தில் யாராவது 'ஏதாவது ஒரு பேரைப் போட்டுக்கொடுங்கம்மா' என்றால் சம்மதிக்காதீர்கள். அந்தப் பெயரைப் பின்னால் எடுப்பது, இல்லாத பெயரைச் சேர்ப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

எழுத்துக்கூட்டலுக்கு வருவோம். சான்று தமிழிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. இரண்டையும் மனுவிலேயே கட்டம் போட்டு எழுதிக் கொடுங்கள். தமிழில் 'முருகேசன்' என்று ஒரே மாதிரி இருந்தாலும் ஆங்கிலத்தில் நடு எழுத்து எது என்பது தட்டச்சு செய்பவர் கையில் விடக்கூடியது அல்ல. அது தந்தையின் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இனிஷியலை விரித்து எழுதக் கேளுங்கள். 'எஸ்' என்பது சுப்பிரமணியனா, சாமிநாதனா என்பது வெளிநாட்டு அதிகாரிக்குத் தெரியாது. குழந்தை பெயரும் இன்னும் ஏறவில்லை என்றால் தந்தை பெயர் திருத்தத்தை முதலில் முடித்துவிட்டுக் குழந்தை பெயரைக் கொடுங்கள். குழந்தையின் பெயர் ஒருமுறை ஏறிவிட்டால் பிறகு மாற்ற விடமாட்டார்கள். இனிஷியல் எந்தப் பக்கம், முழுப்பெயர் எப்படி என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துகொண்டு போவது நல்லது.

எப்போது வருவது? மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தி என்னும் வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை நடக்கும். தாசில்தாரும் வி.ஏ.ஓ.க்களும் அதில் இருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துப் பயிர் மூழ்கினால் கணக்கெடுப்புக்குப் போய்விடுவார்கள். தையிலிருந்து சம்பா அறுவடை, கொள்முதல் நிலையத்துக்குச் சிட்டா அடங்கல் கேட்டு விவசாயிகள் நிற்பார்கள், அவர்கள் அவசரம் நம் அவசரத்தைவிடப் பெரிது. கிராமப் பதிவு என்றால் ஜூலை, ஆகஸ்ட் ஓரளவு இலகுவான காலம். மாநகராட்சி, நகராட்சிப் பதிவுக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே பதிவைக் கவனிக்கும் சுகாதார ஆய்வாளர் காலையில் வார்டு சுற்றப் போவார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்தம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பதற்றம் குறையும். பழைய பதிவை அழிக்க மாட்டார்கள். ஓரத்தில் குறிப்பெழுதிப் பதிவாளர் தேதியோடு கையெழுத்திடுவார். அது கணினியிலும் ஏறினால்தான் புதிய சான்று சரியாக அச்சாகும். ஓரக்குறிப்பு மட்டும் ஏறி, கணினியில் விடுபட்டுப் பழைய விவரமே அச்சாகி வருவதும் நடக்கிறது. ஊரை விட்டுக் கிளம்பும் முன் கியூஆர் குறியீட்டைக் கைபேசியில் ஸ்கேன் செய்து, அரசு இணையதளத்தில் திறக்கும் விவரம் காகிதத்தோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்களும் இருக்கின்றன, முகவரியைக் கவனியுங்கள். லேமினேட் செய்யாதீர்கள். அப்போஸ்டிலுக்கு (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான சான்று) மாநில அரசின் சான்றளிப்பும், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் அந்தக் காகிதத்தின் மேலேயே விழ வேண்டும். சிங்கப்பூர் 2021இலிருந்து அப்போஸ்டிலை ஏற்கிறது. அமீரகத்துக்கு அது செல்லாது, தூதரக அட்டெஸ்டேஷன் வேண்டும்.

மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். வாய்மொழியாக 'ஆகாது' என்றால் எழுத்தில் கேளுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, பதிவாளரின் உத்தரவுக்கு எதிராக 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம், அவர் 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவும் சரியில்லை என்றால் அடுத்து தலைமைப் பதிவாளர். அதையும் தாண்டி ரிட் மனு போட நேர்ந்தால் தஞ்சாவூர், திருச்சி மாவட்டத்தார் மதுரைக் கிளைக்கும், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்காரர்கள் சென்னைக்கும் போக வேண்டும். விடுமுறை முடிந்து திரும்ப வேண்டியிருந்தால், ஊரில் தங்கும் உறவினர் ஒருவர் பெயரில் அதிகாரக் கடிதம் எழுதி மனுவோடு இணைத்துவிட்டுப் போங்கள். விசாரணைக்கு அழைப்பு வரும்போது போய் நிற்க ஆள் வேண்டும்.