விரிப்பதைவிட மடக்குவதைப் பாருங்கள்: ஒற்றைக் கை மடக்குக்கத்திகள்

மடக்குக்கத்தி வாங்குபவர்கள் பெரும்பாலும் அது எவ்வளவு விரைவாக விரிகிறது என்றுதான் பார்க்கிறார்கள். நான் முதலில் மடக்கிப் பார்ப்பேன். கொழும்புப் புறக்கோட்டைச் சந்தையில் இடக்கையால் பொதியின் கயிற்றை இழுத்துப் பிடித்து வலக்கையால் அறுப்பவருக்கு, அறுத்த பிறகும் இடக்கை ஓய்வதில்லை. பொதி சரியாமல் அதுதான் தாங்க வேண்டும். வலக்கையால் மட்டும் மடக்க முடியாவிட்டால், விரிந்த கத்தியை அப்படியே பெட்டிகளுக்கு நடுவே வைத்துவிடுவார். எனக்குப் பயம் அந்தக் கணத்தில்தான்.

விரிப்பதில் பெரிய சிக்கல் இல்லை. அலகில் குமிழ் இருக்கும், அல்லது வட்டத் துளை இருக்கும், அல்லது முதுகுப்பக்கம் சிறு நெம்பு துருத்திக்கொண்டிருக்கும். துளையை 1981இல் ஸ்பைடர்கோ என்ற கத்தி நிறுவனம் கொண்டுவந்தது. கொழும்பின் புழுக்கத்தில் வியர்த்த கைக்கு எனக்குப் பிடித்தது அதுவே: பெருவிரலின் சதை துளைக்குள் சற்று அமிழ்ந்து பிடித்துக்கொள்கிறது, வழுவழுப்பான குமிழில் வழுக்கிவிடுகிறது. நெம்பு சுட்டுவிரலின் ஓர் அழுத்தத்தில் விரியும். ஆனால் சட்டைப்பையில் அடிக்கடி மாட்டும்.

விரிந்த அலகு தானாக மடங்காமல் பிடித்துவைக்கும் பூட்டுகளில்தான் உண்மையான போட்டி.

மலிவான கத்திகளில் அதிகம் காணப்படுவது லைனர் லாக். கைப்பிடிக்குள் உள்ள மெல்லிய தகடு அலகின் அடிப்பகுதிக்கு முட்டுக்கொடுக்கும். மடக்க, பெருவிரலால் அந்தத் தகட்டைப் பக்கவாட்டில் தள்ளி, சுட்டுவிரலால் அலகின் முதுகை அழுத்த வேண்டும். அலகு இறங்கும் வழியில்தான் அப்போது பெருவிரல் இருக்கிறது! அலகு அசையத் தொடங்கியதும் விரலை விலக்கிக்கொள்ளப் பழக வேண்டும். பழகியவர்களும் அவசரத்தில் மறக்கிறார்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் தொல்லை, ஏனெனில் தகட்டைப் பெரும்பாலும் வலக்கைக்கேற்ப அமைக்கிறார்கள்.

முதுகுப் பூட்டு பழையது, உறுதியானது. 1960களில் பக் நிறுவனத்தின் 110 என்ற கத்தி அதைப் பரவலாக்கியது. ஆனால் அந்தக் கத்தி இரு கைக்கானது. ஒரு கைக்கு என்றால் 1990இல் வந்த ஸ்பைடர்கோ டெலிகாவைச் சொல்வேன். பெருவிரலால் கைப்பிடியின் முதுகிலுள்ள பூட்டை அழுத்தினால் அலகு இறங்கி, அடியில் உள்ள கூரற்ற பகுதி சுட்டுவிரலில் வந்து தட்டி நிற்கும். பிறகு விரலை எடுத்துவிட்டு முழுதாக மடக்கலாம். முதல் சில தடவை கூச்சமாக இருக்கும்; கூரற்ற பகுதி எங்கே முடிகிறது என்று மெதுவாக மடக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

என் தேர்வு குறுக்குக்கம்பிப் பூட்டு. பெஞ்ச்மேட் நிறுவனம் 1998இல் அதை ஆக்சிஸ் என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது. காப்புரிமைக் காலம் முடிந்தபின் வேறு நிறுவனங்களும் செய்கின்றன. கைப்பிடியின் இருபுறமும் தெரியும் கம்பியை இரு விரல்களால் பின்னுக்கு இழுத்தால் அலகு விடுபடும், மணிக்கட்டை லேசாக அசைத்தால் உள்ளே போய்விடும். எந்த விரலும் கூரின் பாதைக்கு வருவதில்லை. எந்தக் கைக்கும் ஒன்றுதான். இதன் குறை, கம்பியைத் தள்ளும் இரண்டு மெல்லிய வில்கள். நீண்ட பாவனையில் ஒன்று முறியலாம். மற்றதை நம்பி நாள் கடத்தாமல் மாற்றிவிட வேண்டும்.

மரப்பிடி போட்ட பிரெஞ்சுக் கத்தியான ஓபினல் மீது எனக்கும் ஆசைதான். 1955 முதல் அதன் கழுத்தில் சுழலும் வளையம் அலகைப் பூட்டுகிறது. அதைத் திருப்ப மற்றக் கை வேண்டும். மழைக்காலத்தில் அதன் மரப்பிடி ஈரத்தில் ஊதி அலகை இறுக்கிக்கொள்ளும். வீட்டில் மாங்காய் சீவ வைத்துக்கொள்ளலாம், பொதி அறுக்க வேண்டாம்.

பழைய சோனகத் தெருவில் வாங்கப் போனால், விலை பேசுமுன் உள்ளங்கையைச் சற்று ஈரமாக்கிக்கொண்டு கத்தியை மெதுவாக மடக்கிப் பாருங்கள். மற்றக் கை தானாக உதவிக்கு வந்தால் அந்தக் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.